மலைப் பனிக்கட்டியிலிருந்து பழைய காலநிலையைப் படிப்பது எப்படி?

பனிக்கட்டியைத் துளையிட்டு நீண்ட உருளையாக எடுக்கும் இடத்தைத் தேர்வதிலேயே பாதி வேலை அடங்கியிருக்கிறது. கோடையில் உருகிய நீர் கீழிறங்கினால் அடுக்குகளின் பதிவு கலங்கிவிடும் என்பதால், பனி ஏறக்குறைய அசையாமல் கிடக்கும் உயரமான, குளிர்ந்த முகட்டையே நாட வேண்டும்.

எடுத்த உருளையை உறைநிலையிலேயே வைத்து, கீழிருந்து ஒளி வரும் மேடையில் கிடத்திப் பாருங்கள். பெரு நாட்டில் மலையுச்சியை மூடிக் கிடக்கும் கெல்காயா பனிக்கவிகையில் 1983-இல் எடுத்த உருளைகளில், வறண்ட பருவத்தின் தூசிப் பட்டையும் ஈரப் பருவத்தின் தெளிந்த பனியும் மாறி மாறித் தெரிந்தன. ஒரு சோடி ஓர் ஆண்டு. எண்ணிக்கையை மட்டும் நம்பாமல், 1600-இல் வெடித்த உவாய்னாபுட்டினா எரிமலையின் சாம்பல் போன்ற, ஆண்டு தெரிந்த அடையாளத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். அதே கெல்காயாவின் முகட்டில் பின்னாளில் உருகுநீர் ஊறிப் பருவப் பதிவை அழித்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

பிறகு, பழைய வெப்பநிலைக்குத் தடயம் தரும், பனியிலுள்ள கனமான ஆக்சிஜன் அணுவகையான ஆக்சிஜன்-18-இன் விகிதத்தை அளக்க வேண்டும். அதை அப்படியே வெப்பநிலையாக வாசிப்பது தவறு. வெப்பமண்டல மலைகளில் மழைப்பொழிவின் அளவும் ஈரக்காற்று வந்த வழியும் அதை மாற்றிவிடும்.

உருளை எட்டாத காலத்துக்குப் பனியாறு ஒதுக்கிவிட்டுப்போன கல்மேடுகள் உதவும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் பாறையின் மேற்பரப்பில் உருவாகிச் சேர்ந்த பெரிலியம்-10 என்னும் அணுவகையின் அளவைக் கொண்டு, பனி விலகிய காலத்தைக் கணிக்கலாம். பின்னர் உருண்டு வந்திருக்கக்கூடிய கல்லைத் தவிர்த்து, மேட்டின் உச்சியில் அசையாது நிற்கும் பெரிய பாறையைத் தேர்ந்தெடுங்கள்.