பழைய இராணுவ லாரியில் கியர் விழவில்லையா? பெட்டியை இறக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

இராணுவம் ஓட்டி முடித்து ஏலத்தில் விட்ட நான்கு சக்கர இயக்க லாரிகளைக் காவிரி டெல்டாவில் இன்றும் ஆங்காங்கே காணலாம். சேற்றில் அமிழ்ந்த டிராக்டரை இழுக்கவும், வைக்கோல் கட்டுகளை வயலிலிருந்து சாலைக்கு ஏற்றவும், தென்னந்தோப்பிலிருந்து மரம் வெளியேற்றவும் அவை பயன்படுகின்றன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பின், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தோப்புகளில் விழுந்து கிடந்த மரங்களை இழுக்க இத்தகைய வண்டிகளின் அருமை எங்களுக்கு நன்றாகப் புரிந்தது. ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தின் பேரில் 1959 முதல் ஜபல்பூரில் தயாரான சக்திமான் ஆனாலும், அதற்குப் பின் வந்த ஸ்டாலியன் ஆனாலும், வேறு எந்தப் பழைய இராணுவ லாரி ஆனாலும், கியர் விழவில்லை என்ற புகாரை ஆராயும் முறை ஏறத்தாழ ஒன்றே.

முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, கியர் தகராறு செய்தால் கோளாறு கியர் பெட்டிக்குள்தான் இருக்கும் என்று முடிவு கட்டக் கூடாது என்பதாகும். கிளட்ச், அதற்கான இணைப்புக் கம்பிகள், கியர் ராடு, எண்ணெய், டிரான்ஸ்பர் கேஸ் (கியர் பெட்டியிலிருந்து வரும் விசையை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி), ஓட்டுநரின் கால் பழக்கம் ஆகிய அனைத்தும் ஒரே மாதிரியான தொல்லையாகவே வெளிப்படும். பெட்டியை இறக்குவது இரண்டு மூன்று பேர் ஒரு நாள் முழுதும் உழைக்க வேண்டிய வேலை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து செய்யும் சோதனைக்கோ அரை மணி நேரம் போதும். எனவே ஸ்பேனரைத் தொடும் முன், வண்டியை அன்றாடம் ஓட்டுபவரிடம் நிதானமாகக் கேட்டறிய வேண்டும்: எல்லாக் கியரும் கடினமா, ஒன்று மட்டுமா? காலையில் மட்டுமா, சூடேறிய பின்னுமா? கியர் விழவே மறுக்கிறதா, அல்லது விழுந்த பின் கழன்று விடுகிறதா? இவற்றுக்குக் கிடைக்கும் விடைகளே பாதி வழியைக் காட்டிவிடும்.

அடுத்து, வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களின் இருபுறமும் அடைக்கட்டை வைத்துவிட்டு, என்ஜினை நிறுத்திய நிலையில் கிளட்சை மிதித்து எல்லாக் கியர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பற்கள் நேருக்கு நேர் முட்டி நின்றால் கியர் விழாது; அப்போது வண்டியைச் சற்றே அசைத்துவிட்டு மறுபடி முயலலாம். என்ஜின் ஓடாதபோது எல்லாம் எளிதாக விழுந்து, ஓடும்போது மட்டும் கரகரவென்று அரைத்தால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். என்ஜின் நின்றிருக்கும்போதும் ராடு முரண்டினால், கோளாறு ராடு, ராடு தள்ளும் செலக்டர் தண்டுகள், அவற்றோடு நகர்ந்து கியரைப் பொருத்தும் ஃபோர்க் ஆகியவற்றின் பக்கம் இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பெட்டியை இறக்கியவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

கிளட்சின் மீது ஐயம் எழுந்தால், என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, நியூட்ரலில் கிளட்சை அடி வரை மிதித்து, பத்து வினாடி பொறுத்துப் பின் ரிவர்ஸ் போட வேண்டும். ரிவர்ஸ் கியருக்குப் பெரும்பாலான பழைய பெட்டிகளில் சிங்க்ரோ (கியர் பொருந்தும் முன் இரு பக்க வேகத்தையும் சமமாக்கும் அமைப்பு) கிடையாது; ஆகவே கிளட்சிலிருந்து பெட்டிக்குள் வரும் உள்தண்டு இன்னும் சுழன்று கொண்டிருந்தால் அது அரைத்துக் காட்டிக் கொடுத்துவிடும். அரைத்தால், பெடலிலிருந்து, கிளட்சை விடுவிக்கும் கவையான கிளட்ச் ஃபோர்க் வரையிலான பாதையை ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்துச் செல்ல வேண்டும். பெடலின் வெற்றசைவு (கிளட்ச் இயங்கத் தொடங்கும் முன் பெடல் வெறுமனே நகரும் தூரம்) அந்த வண்டிக்குரிய கையேட்டில் சொன்ன அளவில் உள்ளதா, பின்களும் புஷ்களும் தேய்ந்து ஓட்டை நீள்வட்டமாகிவிட்டதா, குறுக்குத் தண்டு முறுக்கிக் கொள்கிறதா என்று அறிய, ஒருவர் பெடலை மிதிக்க மற்றொருவர் வண்டிக்கு அடியில் படுத்து ஃபோர்க்கின் அசைவைப் பார்க்க வேண்டும். நம் பகுதிக் களிமண்ணுக்கு ஒரு குணம் உண்டு: ஈரமாக ஒட்டி, வெயிலில் செங்கல்லாக இறுகிவிடும். வயலுக்குள் போய்வந்த வண்டியில் இந்த மண் கிளட்ச் இணைப்பைச் சுற்றி அடைத்துக் கொண்டு அசைவைப் பாதியாகக் குறைத்திருப்பதை நான் ஒரு முறைக்கு மேல் கண்டிருக்கிறேன். அகத்தியம்பள்ளி உப்பளப் பக்கம் ஓடும் வண்டிகளில் மண்ணுக்குப் பதில் துருவே அந்த வேலையைச் செய்கிறது. கழுவிச் சுரண்டிக் கிரீஸ் வைத்த பிறகே மேற்கொண்டு அளக்க வேண்டும்.

எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளட்ச் என்றால், திரவ மட்டம், கசிவு, காற்றுக் குமிழி ஆகியவற்றோடு ரப்பர் ஹோஸையும் மறக்காமல் பார்க்க வேண்டும். தென்னை மரம் இழுத்துக் கொண்டிருந்த ஒரு லாரி முதல் கியரில் அரைக்கிறதென்று, வேறொரு பட்டறையில் பெட்டியை இறக்கிச் சிங்க்ரோ வளையங்களை மாற்றி ஏற்றினார்கள். அரைப்பு அப்படியே இருந்தது. எங்களிடம் வந்தபோது ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு அடியில் பார்த்தால், முதுமையில் இளகிய ஹோஸ் நெல்லிக்காய் அளவு உப்பியது. கிளட்ச் ஃபோர்க்கைத் தள்ளும் சிலேவ் சிலிண்டரின் தண்டு நகர வேண்டிய தூரம் அந்த உப்பலிலேயே கரைந்து போயிற்று. ஒரு ஹோஸை மாற்றிக் காற்றெடுத்ததும் குறை தீர்ந்தது. வண்டியின் சொந்தக்காரர் அதற்குள் செலவழித்திருந்த தொகையை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழை முழுதும் மரத்தடியில் நின்றுவிட்டுத் தை அறுவடைக்கு எடுக்கும் வண்டியில் கிளட்ச் பிளேட் துருவால் பிளைவீலோடு (என்ஜினின் பின்முனையில் சுழலும் கனத்த சக்கரம்) ஒட்டிக்கொள்வது உண்டு. அப்போது பெடல் சரியாக இயங்கும், ஃபோர்க்கும் நகரும், ஆனால் கியர் மட்டும் விழாது. பிரேக் நன்றாக இருக்கும் வண்டியில், ஆள் நடமாட்டமற்ற திறந்த வெளியில், என்ஜினைச் சூடேற்றி நிறுத்திய பின், டிரான்ஸ்பர் கேஸின் தாழ்வேக வரிசையில் இரண்டாம் கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் வண்டி நகரத் தொடங்கும். பெடலை அழுத்திப் பிடித்தபடி வேகத்தை விட்டு விட்டுக் கொடுத்தால் பிளேட் பெரும்பாலும் விடுபட்டுவிடும். என்ஜினை நிறுத்தும் இழுகம்பி கைக்கெட்டும்படி வேலை செய்வதை முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். பிரேக்கில் சிறிது ஐயமிருந்தாலும் இந்த முறையை நாடக் கூடாது.

கிளட்சில் குறையில்லை என்று தெரிந்தால், ஓட்டும் முறையைக் கவனிக்க வேண்டும். பழைய இராணுவப் பெட்டிகள் சிலவற்றில் சிங்க்ரோ இல்லை. சிலவற்றில் கீழ்க் கியர்களுக்கு மட்டும் இல்லை. இவற்றில் டபுள் கிளட்ச் பிடித்தே மாற்ற வேண்டும்: மேல் கியருக்குப் போகும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்து, என்ஜின் வேகம் தணியும் வரை ஒரு கணம் பொறுத்து, மீண்டும் மிதித்துக் கியரைப் போட வேண்டும், கீழ்க் கியருக்கு வரும்போது நியூட்ரலில் காலை எடுத்த நிலையில் ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்து என்ஜின் வேகத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். புதுக் காலத்து லாரி ஓட்டிப் பழகிய பிள்ளை இதில் உட்கார்ந்தால் அரைப்புச் சத்தம் வருவது இயல்பு. அது வண்டியின் நோயன்று. ஆகவே இத்தகைய பெட்டியில் பழகிய ஓட்டுநர் ஒருவரை ஓட்டச் சொல்லிப் பார்ப்பது நல்ல சோதனையாகும். ஐடில் வேகம் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) அதிகமாக வைக்கப்பட்டிருந்தாலும் முதல் கியர் அரைக்கும்.

என்ஜின் நின்றிருந்தும் ராடு முரண்டுகிற வண்டியில், ராட்டின் அடிமுனை உருண்டை, அது அமரும் கிண்ணம், ஸ்பிரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உருண்டை தேய்ந்தால் இரண்டு செலக்டர் தண்டுகளுக்கு நடுவில் நழுவிச் சிக்கிக்கொள்ளும். ராடு நியூட்ரலில் தளர்ந்து ஆடும், ஆனால் வண்டி கியரிலேயே நிற்கும். மேல் மூடியைத் திறந்து, தண்டுகளின் பள்ளங்களை ஒரே நேர்க்கோட்டுக்குக் கொண்டுவந்தால் அப்போதைக்குச் சரியாகும். தேய்ந்த பகுதியை மாற்றினால்தான் நிலைக்கும். ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழுந்து பெட்டி பூட்டிக்கொண்டால், இரண்டு கியர் சேர்ந்து விழாமல் தடுக்கத் தண்டுகளுக்கு இடையிலுள்ள இன்டர்லாக் பின் தேய்ந்திருக்கிறது அல்லது முன்பு பிரித்தவர் அதைத் திரும்பப் போடாமல் விட்டிருக்கிறார்.

போட்ட கியர் கழன்று வருவது வேறு வகைக் குறை. இதற்கும் எளிய காரணத்திலிருந்தே தொடங்க வேண்டும். கேபின் தரையில் புதிதாகத் தகடு அடித்தவர் ராடு போகும் துளையைச் சிறிதாக்கிவிட்டால், ராடு முழுத் தூரம் போகாமல் கியர் பாதி அளவே பொருந்தி நிற்கும். கெட்டியான ரப்பர் உறையும் ராட்டைப் பின்னுக்கு இழுக்கும். என்ஜின், கியர் பெட்டி மவுண்டுகள் நைந்து போயிருந்தால், சுமையில் என்ஜின் அசையும்போது ராடும் அசைந்து கியரை வெளியே தள்ளும். கிளட்சை மூடி என்ஜினையும் பெட்டியையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகள் தளர்ந்து பெட்டி நேர்க்கோட்டிலிருந்து விலகினாலும் இதுவே நடக்கும். இவை சரியாக இருந்தால் மட்டுமே, செலக்டர் தண்டைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும், ஃபோர்க்கின் தேய்மானம், கியர்ப் பற்களின் முனை மழுங்கல், தண்டு பேரிங்கின் ஆட்டம் என்று உள்ளே போக வேண்டும். ஒரே ஒரு கியர் கழன்றால் அதற்குரிய பற்களும் ஃபோர்க்கும், பல கியர்கள் கழன்றால் பேரிங்கும் நேர்க்கோடும் என்பது நான் கடைப்பிடிக்கும் வழி.

எண்ணெயை வடித்துப் பார்க்காமல் எந்தத் தீர்ப்பும் சொல்லக் கூடாது. வாய்க்கால் தண்ணீரில் இறங்கி ஏறும் வண்டியில், சூடான பெட்டி திடீரெனக் குளிரும்போது சீல்கள் வழியாக நீரை உறிஞ்சும். பெட்டி காற்று வாங்கும் பிரீதர் துளை சேற்றால் அடைபட்டிருந்தால் இது இன்னும் மோசமாகும். எண்ணெய் மோர் நிறத்தில் இருந்தால் நீர் புகுந்துள்ளது. டிரெய்ன் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் கரிய பசை போல் ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம்; இரும்புச் சில்லோ பல்லின் துண்டோ கிடைத்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்த வேண்டும். பொன்னிறத் துகள் மின்னினால் பித்தளைச் சிங்க்ரோ வளையம் தேய்கிறது. புதிய எண்ணெய் ஊற்றும்போது கையேடு சொல்லும் வகையையே ஊற்ற வேண்டும். டிபரன்ஷியலுக்கான (அச்சின் நடுவிலுள்ள கியர்த் தொகுதி) ஜிஎல்-5 தர எண்ணெயைப் பித்தளைப் பாகங்கள் உள்ள பழைய பெட்டியில் ஊற்றுவது அவற்றுக்குக் கேடு செய்யக்கூடும்.

டிரான்ஸ்பர் கேஸின் குறையைக் கியர் பெட்டியின் மேல் ஏற்றுவதும் வழக்கமான பிழை. வயலில் நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டிவிட்டு அப்படியே தார்ச் சாலைக்கு ஏறினால், முன் பின் அச்சுகளுக்கிடையே முறுக்கம் ஏறி லீவர் இறுகிக்கொள்ளும். அடித்தோ மிதித்தோ இழுக்காமல், நேராகச் சில அடி ரிவர்ஸ் வந்தால் அது தானாக இளகும். டிரான்ஸ்பர் கேஸில் நியூட்ரல் உள்ள வண்டியில் அதை நியூட்ரலில் வைத்து முதன்மைக் கியர்களை மாற்றிப் பார்த்தால், குறை முன்னே உள்ளதா பின்னே உள்ளதா என்று பிரித்தறியலாம்; அந்த நிலையில் வண்டி கியரால் நிற்காது என்பதால் அடைக்கட்டை மிக அவசியம்.

சத்தத்தையும் இதே போல் பிரித்துக் கேட்க வேண்டும். நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால் உள்தண்டு அல்லது லே ஷாஃப்ட் (உள்தண்டால் சுழற்றப்படும் துணைத் தண்டு) பேரிங்கில் குறை. மிதித்ததும் தொடங்கினால் ரிலீஸ் பேரிங் (கிளட்சை விடுவிக்க அழுத்தும் பேரிங்) அல்லது பைலட் பேரிங் (உள்தண்டின் முனையைத் தாங்கும் பேரிங்). நேர் இணைப்புக் கியரில் (உள்தண்டும் வெளித்தண்டும் நேராக இணைந்து சுழலும் கியர்) அடங்கி, மற்றவை அனைத்திலும் கேட்டால் லே ஷாஃப்ட் பக்கம் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், அதன் எடையை மனிதத் தோளில் தாங்காமல் ஜாக்கியிலும் சங்கிலியிலும் தாங்கி இறக்க வேண்டும். இறக்கிய கையோடு பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங், பிளைவீலின் முகம், உள்தண்டின் ஸ்பிளைன் (கிளட்ச் பிளேட் நழுவும் நீள்பள்ளங்கள்), என்ஜினின் பின் சீல் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். ஸ்பிளைனைத் துடைத்து, மிக மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவி, புது கிளட்ச் பிளேட்டைக் கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து, அது தங்கு தடையின்றி நழுவிய பிறகே பெட்டியை மேலே ஏற்ற வேண்டும்.