மலிவு விலை சிம்பல்: தட்டிப் பார்த்து வாங்குவதும், விரிசல் விடாமல் காப்பதும்

ட்ரம் கிட்டோடு சேர்ந்து வருகிற சிம்பலை, அதாவது ஸ்டாண்டில் மாட்டி அடிக்கிற வட்ட உலோகத் தகட்டை, தட்டினால் பல நேரம் எவர்சில்வர் மூடி தரையில் விழுந்த சத்தம்தான் கேட்கும். கொஞ்ச நாளில் ஓரம் வளையும், பிறகு விரிசல் விடும். மலிவுப் பொருள் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். அதில் பாதிதான் சரி. சத்தம் பெரும்பாலும் உலோகத்தைப் பொறுத்தது, வாங்கின பிறகு அதை மாற்ற முடியாது. ஆயுளைத் தீர்மானிப்பது ஸ்டாண்டில் மாட்டுகிற விதமும் குச்சி விழுகிற கோணமும். பெங்களூரின் அல்சூர், பிரேசர் டவுன் சர்ச் கொயர்களில் வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கும், மணிக்கு இவ்வளவு என்று ஜாம் ரூம் (வாடகைப் பயிற்சி அறை) எடுத்துப் பழகும் கல்லூரி மாணவர்களுக்கும் பயன்படும் என்று இதை எழுதுகிறோம்.

படி 1: என்ன உலோகம் என்று கேளுங்கள்

பித்தளைச் சொம்பைக் கரண்டியால் தட்டினால் 'டொங்' என்று சட்டென்று அடங்கிவிடும். கோயில் மணியும் பஜனை ஜால்ராவும் வெண்கலம். தட்டினபிறகும் இழுத்துக்கொண்டே போகும். கணீரென்ற குரலை 'வெண்கலக் குரல்' என்று சொல்வது அதனால்தான். ட்ரம் சிம்பலிலும் இதே கதைதான்.

பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். மைனல் எச்சிஎஸ், பைஸ்டி பிஎஸ்டி 3, சேபியன் எஸ்பிஆர், ஜில்ஜியன் பிளானட் இசட் எல்லாம் இந்த வகை. சத்தம் சற்று மந்தமாக இருக்கும், சீக்கிரம் அடங்கும். உலோகம் மென்மையானது என்பதால் ஓரம் எளிதில் வளையும், நடு ஓட்டையும் சீக்கிரம் தேயும்.

பி8 வெண்கலம் என்றால் 92 சதவீதம் செம்பு, 8 சதவீதம் வெள்ளீயம். தகடாக உருட்டி, வட்டமாக வெட்டிச் செய்வது. சேபியன் பி8எக்ஸ், ஜில்ஜியன் ஐ, பைஸ்டி பிஎஸ்டி 5 இதில் வரும். கூர்மையான, பளிச்சென்ற ஒலி. பேண்டில் கிடாருக்கு நடுவிலும் தெளிவாகக் கேட்கும்.

பி20-இல் வெள்ளீயம் 20 சதவீதம், ஏறத்தாழ மணி வார்க்கும் வெண்கலம். பெரும்பாலும் வார்த்து, சூடாக உருட்டி, சுத்தியலால் தட்டிச் செய்வது. ஒலியில் பல அடுக்குகள் தெரியும், விலையும் அதற்கேற்ப ஏறும். வெள்ளீயம் கூடக்கூட உலோகம் கடினமாகும், ஆனால் நொறுங்கும் தன்மையும் கூடும். விலை அதிகம் என்பதால் உடையாது என்று நினைத்துவிடாதீர்கள். சிமென்ட் தரையில் ஓரம் படும்படி விழுந்தால் பி20-உம் விரிசல் விடும்.

உலோகம் ஒன்றே எல்லாம் என்றும் சொல்ல மாட்டோம். 1971-இல் வந்து இன்றும் பெரிய மேடைகளில் ஒலிக்கிற பைஸ்டி 2002 வரிசையும் 8 சதவீத வெண்கலம்தான். சுத்தியல் வேலையும் கடைசல் வேலையும் அங்கே வேறு.

படி 2: பணத்தை எதில் போடுவது

நான்கைந்து சிம்பல் அடங்கிய பித்தளை பாக்ஸ் செட் பார்க்க லாபமாகத் தெரியும். எங்கள் கருத்து, அதே பணத்துக்கு பி8-இல் ஒரு ஜோடி 14 இன்ச் ஹை-ஹேட் (காலால் மிதித்து மூடித் திறக்கும் இரட்டைச் சிம்பல்) மட்டும் வாங்குங்கள். பாட்டு முழுக்கக் காதில் விழுவது ஹை-ஹேட்தான். கிராஷ் (அழுத்தம் கொடுக்க அடிக்கும் சிம்பல்) அங்கங்கே ஒரு அடி, அதற்கு கிட்டோடு வந்ததே இப்போதைக்குப் போதும். அடுத்தது, தாளத்தைத் தொடர்ந்து தட்டிப்போகும் 20 இன்ச் ரைடு. 16 இன்ச் கிராஷ் கடைசியில்.

படி 3: கடையில் சோதிப்பது

கையில் தூக்கிப் பிடித்துத் தட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. "அண்ணா, ஸ்டாண்டில் மாட்டிக் கொடுங்க" என்று கேளுங்கள். நீங்கள் வீட்டில் பயன்படுத்தும் குச்சியையே கொண்டுபோங்கள், 5ஏ அளவுக் குச்சி என்றால் 5ஏ.

முதலில் மெதுவாகத் தட்டுங்கள். மெல்லிய அடிக்கே விரிந்து பேசுகிற கிராஷ் நல்லது. ஓங்கி அடித்தால்தான் வாய் திறக்கும் என்றால் தகடு தடிமன். வீட்டிலும் அப்படித்தான் அடிப்பீர்கள், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். பிறகு நண்பரை அடிக்கச் சொல்லி பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். பக்கத்தில் இரைச்சலாகப் பட்டது தூரத்தில் இனிமையாகவும், பக்கத்தில் இனித்தது தூரத்தில் காணாமலும் போவது உண்டு. ஒரே மாடலில் மூன்று இருந்தால் மூன்றையும் தட்டிப் பாருங்கள். ஒன்றுபோல் ஒன்று இருக்காது.

பழைய சிம்பல் என்றால் மொபைல் டார்ச்சை அடித்து மூன்று இடம் பாருங்கள். நடு ஓட்டை வட்டமாக இருக்கிறதா, சாவித் துவாரம் மாதிரி ஒரு பக்கம் நீண்டிருக்கிறதா? நடுக் குமிழ் தகட்டோடு சேரும் வளைவில் அடிப்பக்கம் மயிரிழைக் கோடு தெரிகிறதா? கடைசியாக ஓரம். கட்டைவிரல் நகத்தை ஓரம் முழுக்க மெதுவாக ஓட்டுங்கள், விரிசல் இருந்தால் கண்ணுக்கு முன் நகம் சொல்லும். தட்டும்போது ஈ பறப்பது மாதிரி 'ஸ்ஸ்' என்று அதிர்ந்தாலும் வாங்க வேண்டாம்.

படி 4: ஸ்டாண்டில் மாட்டுவது

சிம்பல் கெட்டுப்போவதில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது. கீழிருந்து மேலாக வரிசை இது: குழிவான இரும்பு வாஷர், பிளாஸ்டிக் ஸ்லீவ், அடி ஃபெல்ட் (மெத்தென்ற தடித்த துணி வளையம்), சிம்பல், மேல் ஃபெல்ட், விங் நட் (கையால் முறுக்கும் காது வைத்த நட்டு).

ஸ்லீவ் என்பது விரல் நுனி நீளமுள்ள ஒரு குழாய், அவ்வளவுதான். அது இல்லையென்றால் ஒவ்வொரு அடிக்கும் கம்பியின் மரை சிம்பலின் ஓட்டையை அரம் போல அறுக்கும். கிட்டோடு வரும் ஸ்டாண்டுகளில் இது சீக்கிரம் கிழிந்துவிடும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. தொலைந்துபோனால் எஸ்.ஜே.பி. ரோடு ஹார்ட்வேர் கடைகளில் நைலான் அல்லது தெளிந்த பிவிசி டியூப் கிடைக்கும். கம்பியின் தடிமனை முதலில் அளந்துகொள்ளுங்கள், பல ஸ்டாண்டுகளில் 8 மி.மீ., சிலவற்றில் 6. எட்டு மில்லி கம்பிக்கு உள்விட்டம் 8, வெளிவிட்டம் 11 மி.மீ. டியூபில் இரண்டரை செ.மீ. வெட்டினால் போதும். ஓட்டைக்குள் டியூப் இறுக்கமாக உட்காரக் கூடாது, சிம்பல் ஆட இடம் வேண்டும்.

விங் நட்டை முழுக்க முறுக்காதீர்கள். ஓரத்தை ஒரு விரலால் அழுத்தி விடுங்கள். மூன்று நான்கு முறை ஆடி நின்றால் சரி. ஆடாமல் விறைத்து நின்றால் அடியின் விசை வெளியே போக வழியில்லாமல் உலோகத்துக்குள்ளேயே சேரும், ஒலியும் மூச்சு முட்டினது போல் அடங்கும்.

ஹை-ஹேட்டில் கனமானது கீழே, மேல் தகட்டுக்கும் கீழ் தகட்டுக்கும் சுமார் 2 செ.மீ. இடைவெளி. காலால் மூடும்போது 'சிக்' என்பதற்குப் பதில் 'பொத்' என்று வந்தால் உள்ளே காற்று அடைபடுகிறது. கீழ் தகட்டுக்கு அடியில் உள்ள சாய்வு ஸ்க்ரூவை அரைச் சுற்றாகத் திருகிப் பாருங்கள்.

படி 5: அடிக்கிற விதம்

சிம்பல் உங்களை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும், உயரம் நெஞ்சைத் தாண்ட வேண்டாம். தட்டையாக உயரத்தில் மாட்டினால் குச்சியின் கழுத்து கோடாலி போல ஓரத்தை வெட்டும். கிராஷை அடிக்கும்போது குச்சி குத்தி நிற்காமல், மேசைத் தூசியைத் தட்டிவிடுவது போல பக்கவாட்டில் வழுக்கிப் போகட்டும்.

படி 6: சுத்தம் செய்வது

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கருவிகளையெல்லாம் துடைப்போம். பித்தளை விளக்கு மாதிரிதானே என்று சிம்பலைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். அமிலம் லோகோ அச்சையும் மேல் பூச்சையும் அரித்து, திட்டுத்திட்டாகச் செம்பு நிறத்தைக் காட்டிவிடும். வெதுவெதுப்பான நீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் போட்டு, மென்துணியால் சிம்பலில் வட்டமாக ஓடும் வரிகளின் போக்கிலேயே துடைத்து, உடனே உலர்த்துங்கள். சந்தனம் குங்குமத்தை ஸ்டாண்டுக்கு வைக்கலாம். சென்னையின் உப்புக்காற்று இங்கே இல்லை, அது நமக்கு நல்லது. மழையில் நனைந்த பையில் மட்டும் சிம்பலை ராத்திரி முழுக்க வைக்காதீர்கள்.

படி 7: விரிசல் விட்டுவிட்டால்

வெல்டிங் வேண்டாம். சூடு பட்ட இடம் தன் குணத்தை இழந்து பக்கத்திலேயே மறுபடி விரிசல் விடும். விரிசல் மேலே போகாமல் நிறுத்த ஓட்டை போடுவதுதான் வழி.

தேவையானவை: மார்க்கர், சென்டர் பஞ்ச் (ஓட்டைக்குக் குறி வைக்கும் கூர்முனை ஆணி), 3 மி.மீ. எச்எஸ்எஸ் (உலோகத்தைத் துளைக்கும்) ட்ரில் பிட், ஒரு பலகை, 240, 400 எண் உப்புத்தாள்.

விரிசலின் முனையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். கண்ணுக்குத் தெரிவதைத் தாண்டி அது ஓரிரு மில்லி உள்ளே போயிருக்கும். தகட்டை லேசாக வளைத்து விளக்கொளியில் பார்த்தால் கோடு திறந்து காட்டும். முனையில் புள்ளி வைத்து, பஞ்சால் ஒரு தட்டு. அடியில் பலகை வைத்து, ஒரு துளி எண்ணெய் விட்டு, மெதுவான வேகத்தில் ஓட்டை போடுங்கள். முனை ஓட்டைக்குள் அடங்கியிருக்க வேண்டும். ஓட்டையின் விளிம்பில் பிசிறு நின்றால் அங்கிருந்தே புது விரிசல் கிளம்பும், எனவே இரு பக்கமும் உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். வரியோடு வட்டமாக ஓடும் விரிசலுக்கு இரு முனையிலும் ஓட்டை தேவை. ஓரத்தில் ஒரு செ.மீ.-க்குக் குறைந்த விரிசல் என்றால் வட்ட அரத்தால் அரைவட்டமாக ராவி எடுத்துவிடலாம்.

குமிழைச் சுற்றி ஓடினால் காப்பாற்ற முடியாது. ஆனால் தூக்கியும் போட வேண்டாம். அதன்மேல் இன்னொரு உடைந்த சிம்பலைக் கவிழ்த்து, நடுவில் ஃபெல்ட் இல்லாமல் ஒரே ஸ்டாண்டில் மாட்டுங்கள். ஸ்லீவ் இருக்கட்டும், விங் நட்டை இந்த ஒரு முறை இறுக்கலாம். கைத்தட்டல் மாதிரி குறுகிய, வறண்ட 'சக்' கிடைக்கும். ஸ்டாக் என்று இதையே புதிதாகக் கடைகளில் விற்கிறார்கள்.