பங்காளி வழக்கில் நாம் செய்யும் தவறுகள்

செட்டிநாட்டில், கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீடு பூட்டிக் கிடந்தால், சாவி ஒருவரிடமும் பங்கு இருபது பேரிடமும் இருக்கும். அதில் பாதிப் பேர் சென்னையிலும் மலேசியாவிலும் இருப்பார்கள். பேச்சு முறிந்து வழக்கு என்று வந்ததும், முதலில் தவறான கதவைத்தான் தட்டுகிறார்கள்.

காவல் நிலையம் பங்கு பிரித்துத் தராது. தாசில்தாரும் தர மாட்டார். பட்டாவில் பெயர் ஏறிவிட்டதென்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் உண்டு. பட்டா வருவாய்த் துறையின் பதிவு, அவ்வளவுதான். சொத்து யாருடையது என்ற தகராறைத் தீர்ப்பது உரிமையியல் நீதிமன்றம். சிலர் நேராக உயர் நீதிமன்றத்துக்கே பஸ் ஏறுகிறார்கள். 2004-இல் மதுரைக் கிளை வந்தபின் தூரம் குறைந்தது, ஆசை கூடியது. அங்கே நேராகப் போடும் ரிட் மனு பெரும்பாலும் அரசையும் அதிகாரிகளையும் கேள்வி கேட்பதற்கானது. இரண்டாம் கட்டு அறை அண்ணனுக்கா தம்பிக்கா என்பதற்குச் சாட்சி விசாரிக்க வேண்டும். அதற்குக் கீழமை நீதிமன்றம்தான் இடம்.

அடுத்தது, பெண் பிள்ளைகளைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவது. "சீர் செய்து அனுப்பியாயிற்றே" என்பார்கள். சீர் வேறு, பங்கு வேறு. இந்துக் கூட்டுக் குடும்பப் பூர்விகச் சொத்தில், திருமணமாகாத மகள்களுக்கு 1989-இலேயே தமிழ்நாடு பங்கு கொடுத்தது. 2005-இல் நாடாளுமன்றம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. தந்தை அதற்கு முன்பே இறந்திருந்தால்? பங்கில்லை என்றது உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, 2015-இல். உண்டு என்றது மூவர் அமர்வு, 2020-இல். இடையில் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. சட்டத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் அத்தனை பெரியது. அரசியலமைப்பின் 141-ஆவது பிரிவின்படி அந்தப் பொருள் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். "வாய்ப்பேச்சிலேயே பாகம் முடிந்துவிட்டது" என்ற வாதமும் இப்போது எளிதில் எடுபடாது. 2005 சட்டம் குறித்த எல்லைத் தேதியான 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பத்திரமோ தீர்ப்பாணையோ இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

முதல்நிலைத் தீர்ப்பாணை கையில் வந்ததும் இனிப்பு வழங்குவது இன்னொன்று. யாருக்கு எத்தனை பங்கு என்பதை மட்டுமே அது சொல்லும். ஆணையர் வந்து அளந்து, இறுதித் தீர்ப்பாணை ஆகி, தேவைப்பட்டால் நிறைவேற்று மனுவும் போட்டால்தான் அறைச் சாவி கைக்கு வரும். முகப்பையும், தூண்கள் சூழ்ந்த உள் முற்றமான வளவையும் இருபது துண்டாக்க முடியாதே என்றால், அதற்கு 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் இருக்கிறது. பாதிப் பங்கோ அதற்கு மேலோ உள்ளவர்கள் கேட்டால், விற்றுப் பணத்தைப் பிரிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். விற்க மனமில்லாத பங்காளி, நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். வீட்டைக் காப்பாற்ற நினைப்பவர்கள் பலருக்கு இந்த வழியே தெரிவதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு காத்திருப்பது. பங்காளிச் சண்டையில் நீதிமன்றம் தானாக வந்து எட்டிப் பார்க்காது, கேட்க வேண்டும். வழக்கோடு சேர்த்தே இடைக்காலத் தடையாணை கேட்கலாம். அதை மீறுபவரின் சொத்தை ஜப்தி செய்யவும், அவரை மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கவும் அதிகாரம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பர்மா தேக்குத் தூண்களை ஏற்றிக்கொண்டு லாரி போன மறுவாரம்தான் வக்கீலைத் தேடியது. தடையாணை கிடைத்தது. அப்போது வளவில் மிஞ்சியிருந்தவை தூண் நின்ற கற்கள் மட்டுமே.