மலை ஏறும் வண்டிக்கு மின்விசிறி: ஒயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் சாலையில் கல்லாறு தாண்டியதும் தொடங்கும் ஏற்றத்தில் வண்டி இரண்டாம் கியரிலேயே ஊர்கிறது. இன்ஜின் முழுப் பாரத்தையும் இழுக்கிறது, ஆனால் எதிர்க்காற்றை ரேடியேட்டருக்குள் தள்ளும் வேகம் வண்டிக்கு இல்லை. சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது ரேடியேட்டர் விசிறிக்குப் பெரும்பாலும் வேலையே இருப்பதில்லை என்பதால், அதன் ஒயரிங்கில் உள்ள குறை கோயம்புத்தூரில் வெளிப்படாமல், பர்லியாறுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில்தான் வெளிப்படுகிறது.

ஊட்டியின் குளிரை நம்பி விசிறியை அலட்சியம் செய்வதே முதல் தவறு. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. ஊட்டியில் அது கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் சுழலும் விசிறி அங்கே குறைந்த காற்றையே இழுக்கும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும் என்பதால், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தளர்ந்து அழுத்தம் நிற்காமல் போனால், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டும் சீக்கிரம் கொதிக்கும். ஆகவே விசிறிக்கு வர வேண்டிய மின்சாரம் குறையாமல் வந்து சேர வேண்டியது மலையில்தான் மிக அவசியம்.

பழைய ஜீப்புகளில் இன்ஜினே சுழற்றும் பெல்ட் விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி பொருத்துவது இப்போது பரவலாகிவிட்டது. பெல்ட் விசிறி ஒழுங்காக இயங்கும் வண்டியில் இந்த மாற்றத்துக்கு அவசரப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. மாற்றத்தான் வேண்டும் என்றால், விசிறியின் வயரை டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேரடியாக இழுக்கும் வழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். 12 வோல்ட் விசிறி ஒன்று ஓடும்போது பொதுவாக 10 முதல் 20 ஆம்பியர் வரை எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு எடுக்கும். சிறிய சுவிட்சின் முனைகள் இதைத் தாங்காமல் கருகி, பிளாஸ்டிக் உருகத் தொடங்கும். சுவிட்ச், சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலேயை மட்டும் இயக்க வேண்டும். விசிறியின் மின்சாரத்தை ரிலே சுமக்க வேண்டும். ரிலேயின் 30-ஆம் முனைக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக லைன் வரும். 87-லிருந்து விசிறிக்குப் போகும். 85, 86 இரண்டும் ரிலேயை இயக்கும் காயிலுக்கு, அதாவது மின்காந்தச் சுருளுக்கு, உரியவை. ஐந்து முனை ரிலேயில் நடுவில் உள்ள 87ஏ முனையில் விசிறியை இணைத்துவிட்டால், சுவிட்ச் போடாதபோது ஓடி, போட்டதும் நிற்கும்.

ஃபியூஸை ரிலேக்குப் பக்கத்தில் வைப்பதும் தவறே. ஃபியூஸ் காப்பது வயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையே உள்ள வயர் உரசித் தகட்டில் பட்டால் அதைக் காக்க எதுவும் இல்லை. எனவே ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அது அடிக்கடி போனால், பெரிய ஃபியூஸ் போடுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும்.

வயரின் பருமனில் கஞ்சத்தனம் செய்வதும் மலையில் காட்டிக்கொடுக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில், போக இரண்டு மீட்டர், திரும்ப இரண்டு மீட்டர் என்று 20 ஆம்பியர் ஓடினால், வழியிலேயே சுமார் 0.6 வோல்ட் போய்விடும். 4 சதுர மில்லிமீட்டரில் அது 0.4-க்குள் அடங்கும். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய வயரைப் பயன்படுத்தக் கூடாது; இன்ஜின் அறையின் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் அதன் உறை ஏற்றதல்ல. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில், சூட்டில் டேப்பின் பசை இளகி, சுற்று தானாகவே பிரியும். வயர் முனையில் உரிய லக் (உலோக இணைப்பு முனை) போட்டு, அதை அழுத்திக் கிரிம்ப் செய்து, சூடேற்றினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுவதே சரி.

எனக்கு மிகவும் கவலை தருவது எர்த், அதாவது மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவ்வுக்குத் திரும்பும் இணைப்பு. ஆண்டில் பல மாதம் மழையும் மூடுபனியுமாக இருக்கும் நீலகிரியில், பெயின்டின் மேல் திருகிய எர்த் லக் சில மாதங்களிலேயே பச்சையும் வெண்மையுமாகப் பூத்துவிடும். ரேடியேட்டரின் ஃபிரேமில் எர்த் எடுப்பது அதைவிட மோசமானது. ரேடியேட்டர் பெரும்பாலும் ரப்பர் புஷ்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடியோடு அதற்கு நம்பகமான தொடர்பு இல்லாததால், மின்சாரம் கூலன்ட் வழியே பாதை தேடி அலுமினிய டியூப்களை உள்ளிருந்தே அரிக்கக்கூடும். விசிறியின் நெகட்டிவ் வயரும் பாசிட்டிவ் வயரின் பருமனிலேயே, பேட்டரி நெகட்டிவ்வுக்கோ, சுரண்டிச் சுத்தம் செய்து கிரீஸ் பூசிய சேஸிஸ் போல்ட்டுக்கோ போக வேண்டும்.

விசிறியின் இரண்டு வயர்களும் மாறிவிட்டால் அது எதிர்த்திசையில் சுழன்று, முன்னிருந்து வரும் காற்றோடு மோதும். சத்தம் இருக்கும், குளிர்ச்சி இருக்காது. ரேடியேட்டரின் முன்புறம் ஒரு காகிதத்தைக் காட்டினால் போதும்: அது ஒட்டிக்கொள்ள வேண்டும், பறந்து விலகக் கூடாது.

கூலன்ட் சூடானதும் விசிறியைத் தானே போடும் வெப்ப சுவிட்சைப் பொறுத்தவரை, தெர்மோஸ்டாட் (கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) 82 டிகிரியில் திறக்கும் வண்டிக்கு 80-இல் இயங்கும் சுவிட்சைப் போட்டால் விசிறி நிற்கவே நிற்காது. 92 முதல் 95-க்குள் இயங்கி, சில டிகிரி இறங்கியதும் நிற்பது பொருத்தம். ஒற்றை வயர் சுவிட்சின் மரையில் டெஃப்லான் டேப்பைக் கனமாகச் சுற்றினால், மரை வழியே கிடைக்கும் அதன் எர்த் அறுபட்டு, சுவிட்ச் பேசாமல் இருந்துவிடும். கையால் போடும் சுவிட்ச் கூடுதலாக இருக்கலாம், அது மட்டுமே இருக்கக் கூடாது. வளைவில் எதிரே பேருந்து வரும்போது டிரைவரின் கவனம் டெம்பரேச்சர் முள்ளில் இருக்காது.

இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் திறனையும் கணக்கில் எடுக்க வேண்டும். மூடுபனியில் முகப்பு விளக்குகள் இரண்டும் சுமார் 9 ஆம்பியர் எடுக்கும். வைப்பர், விசிறி எல்லாம் சேர்ந்தால், ஐடிலில் நிற்கும் பழைய வண்டியின் சிறிய ஆல்டர்னேட்டரால் ஈடுகொடுக்க முடியாது. ரிலேயின் காயிலுக்கு இக்னிஷனிலிருந்து லைன் எடுக்காமல் பேட்டரியிலிருந்தே எடுத்தால், சாவியை எடுத்த பிறகும் விசிறி ஓடி, குளிரில் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் பேட்டரியை இறக்கிவிடக்கூடும்.

வேலை முடிந்ததும், இன்ஜின் சூடாகி, விளக்கும் வைப்பரும் ஓடும் நிலையில், பேட்டரி முனைகளிலும் விசிறியின் கனெக்டரிலும் மல்டிமீட்டரால் வோல்ட் அளந்து பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால், வண்டியைச் சாலையில் இறக்குவதற்கு முன் எர்த், ரிலே முனைகள், ஃபியூஸ் ஹோல்டர் என்ற வரிசையில் இணைப்புகளைக் கழற்றிப் பார்த்து, மறுபடி அளக்க வேண்டும்.