ஓநாயாக மாறியவனை நடக்க வைக்க

ஓநாய் மனிதன் கதை எழுதுகிறீர்களா? உருமாறியவனின் முதல் அடியை எழுதுமுன், தரையில் கையூன்றி, குதிகால்களைத் தூக்கிக்கொண்டு, கால்விரல்களில் மட்டும் நின்று நாலடி நடந்து பாருங்கள். இடது கால், இடது கை, அப்புறம் வலது கால், வலது கை. ஓநாய் நிதானமாக நடக்கும் வரிசை இதுதான்.

ஓநாய் விரல்களில் நடக்கும் பிராணி. அதன் பின்காலில் முழங்கால் திருப்பி மடங்கியது போலத் தெரிவது உண்மையில் குதிகால். நிஜ முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே இருக்கிறது. புதிதாக மாறியவன் பழக்கதோஷத்தில் குதிகாலை ஊன்றப் போனால் பொத்தென்று உட்கார்ந்துவிடுவான். நெஞ்சையும் தோளையும் இணைக்க நமக்கிருப்பது போன்ற காறையெலும்பும் ஓநாய்க்கு இல்லை. அதனால் முன்கால்கள் முன்னும் பின்னும்தான் நன்றாக வீசும். விழும்போது கைகளை விரித்துச் சமாளிக்கும் நம் புத்தி அங்கே செல்லாது.

ஓட்டத்துக்கு இந்தப் பயிற்சி உதவாது. பாய்ச்சலில் ஓநாயின் முதுகு வில்லாய் வளைந்து நிமிரும், நம் முதுகுக்கு அது சரிப்படாது. இரண்டு காலில் நிமிர்ந்து நடக்கும் ஓநாய் மனிதன் என்றால் கையூன்ற வேண்டாம், குதிகால் மட்டும் தூக்கியே இருக்கட்டும். மூட்டுவலிக்காரர்கள் தெருநாயைப் பார்த்து எழுதலாம். அதன் நடையும் இதேதான்.