சாவி திரும்பவில்லையா, கால்விரிப்பு நனைகிறதா: டபிள்யூ204 சி-கிளாஸில் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி

2007-ல் வந்த மெர்சிடிஸ் சி-கிளாஸில் (மெக்கானிக்குகள் டபிள்யூ204 என்று சொல்லும் மாடல்) சாவியைச் சொருகியதும் ஸ்டியரிங் தண்டுக்குள் 'ட்ஸ்ஸ்' என்று ஒரு சின்ன மோட்டார் சத்தம் கேட்கும். ஸ்டியரிங் பூட்டை விலக்கும் மோட்டார் அது. பூட்டு விலகிய பிறகுதான் சாவி திரும்பும். சத்தமே இல்லை, மீட்டரில் ஒரு விளக்கும் இல்லை, சாவியும் அசையவில்லை என்றால், தயவுசெய்து பலம் போட்டுத் திருப்பாதீர்கள்.

முதலில் பேட்டரி. வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் ஏற்றாமல் வேறு எதையும் சந்தேகப்பட வேண்டாம்.

அடுத்தது சாவி. இங்கேதான் பலரும் வீணாகச் செலவழிக்கிறார்கள். சாவிக்குள் இருக்கும் இரண்டு சிஆர்2025 செல்கள் ரிமோட்டுக்காக மட்டுமே. வண்டியை எடுக்கும்போது சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் (காயில்) சாவிக்கு மின்சாரம் தருகிறது. தகவல் அகச்சிவப்பு ஒளியில் போகிறது. ஆகவே செல் தீர்ந்தால் கதவு ரிமோட்டில் திறக்காது, வண்டி ஸ்டார்ட் ஆகும். சாவியின் முனையை மொபைலின் முன்பக்க கேமராவுக்குக் காட்டி பட்டனை அழுத்துங்கள். ஊதா நிறத்தில் மின்னினால் ஒளி வருகிறது. மாற்றுச் சாவியையும் போட்டுப் பாருங்கள். இரண்டுமே திரும்பாவிட்டால் பழுது சாவித் துளைப் பெட்டியிலோ (சாவியை அடையாளம் காணும் மின்னணுப் பெட்டி) ஸ்டியரிங் பூட்டிலோ இருக்கிறது. இந்த மாடலில் பெரும்பாலும் பூட்டுதான்: மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். பழுதைப் படிக்கும் ஸ்கேனர் கருவியில், பெட்டி சாவியை அடையாளம் கண்டும் பூட்டு பதில் தரவில்லை என்று காட்டினால் உறுதி.

வழியில் மாட்டிக்கொண்டால் ஒரு தற்காலிக வழி உண்டு. ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டிக்கொண்டே சாவியைச் சொருக வேண்டும். அதே நேரத்தில் இன்னொருவர் ஸ்டியரிங் தண்டின் அடிப்பக்கத்தை ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தட்ட வேண்டும். பூட்டு விலகிவிட்டால் சாவியை எடுக்கவே எடுக்காதீர்கள். எடுத்தால் மறுபடி பூட்டிக்கொள்ளும். பூட்டிய நிலையில் அதைக் கழற்ற, வெட்டவோ துளைக்கவோ வேண்டிவரும். விலகிய நிலையில் வேலை எளிது. அப்படியே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டுங்கள்.

பழைய வண்டியிலிருந்து கழற்றிய பூட்டை வாங்கி மாட்டினால் ஓடாது. அது அந்த வண்டியின் பெட்டியோடு ஜோடி சேர்க்கப்பட்டது. மோட்டாரை மட்டும் மாற்றினாலும், பூட்டு தன் நினைவில் பதித்த பிழையை அழிக்கத் தெரிந்தவர் வேண்டும். பூட்டு இருப்பதுபோல் பெட்டிக்குப் பதில் தரும் எமுலேட்டர் கருவியைப் போட்டால் பிரச்சினை தீரும், ஆனால் ஸ்டியரிங் இனி பூட்டாது. இந்த வேலைக்கு முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி 10 நிமிடம் காத்திருங்கள். ஏர்பேக் அருகில் கை போகிறது.

கால்விரிப்பு ஈரத்துக்கு, எப்போது நனைகிறது என்பதே துப்பு. மழைக்குப் பிறகு மட்டும் என்றால் முன்கண்ணாடிக்குக் கீழே தேங்கிய இலைகள் வடிகாலை அடைத்திருக்கும், அல்லது சன்ரூஃப் குழாய். சன்ரூஃப் பள்ளத்தின் முன் மூலையில் ஒரு டம்ளர் நீர் ஊற்றுங்கள். வண்டிக்கு வெளியே வடிய வேண்டும். அடைப்பை மெல்லிய நைலான் நரம்பால் எடுங்கள். காற்றழுத்தம் வேண்டாம், உள்ளே குழாய் கழன்றுவிடும். ஏசி ஓடும்போது மட்டும் வாசனையற்ற நீர் என்றால் ஏசி வடிகுழாய். பிசுபிசுப்பும் இனிப்பு வாசனையும் இருந்து கண்ணாடியும் மங்கினால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட். வண்டிக்குள் வெப்பம் தரும் சின்ன ரேடியேட்டரான ஹீட்டர் கோர் கசிகிறது.

விரிப்பின் மேற்பரப்பு காய்ந்ததை நம்பாதீர்கள். அடியிலுள்ள ஃபோம் பல நாள் நீரைப் பிடித்து வைத்திருக்கும், ஒயரிங் அதற்குள்தான் ஓடுகிறது. சீட்டைக் கழற்றி விரிப்பைத் தூக்கி, ஃபோமை அழுத்தினால் ஒரு துளிகூட வராத வரை காயவிடுங்கள்.