எஞ்சினைக் கடைசியில் வாங்குங்கள்: பழைய ஃபோர்வீல் டிரைவ் வண்டியில் புது எஞ்சின் வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஜொகூரில், கூலாய்ப் பக்கம் என் நண்பர் வீட்டுக் கொட்டகையில் ஒரு சீரீஸ் 3 லேண்ட் ரோவர் நான்கு வருடமாகத் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. ரப்பர் எஸ்டேட்டில் உழைத்து ஓய்ந்த வண்டி, மலேசியப் பதிவு. அதன் பக்கத்தில் மரச்சட்டத்தின் மேல் டொயோட்டாவின் 3 லிட்டர் 1கேடி டீசல் எஞ்சின், கூடவே அதன் ஆட்டோ கியர்பாக்ஸ். ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப்கட் ஒன்றில், அதாவது பாதியாக வெட்டி அனுப்பிய பழைய வண்டியில், எடுத்தது. நல்ல எஞ்சின், விலையும் நியாயம். வாங்கச் சொன்னவன் நான்.

சனிக்கிழமை தோறும் சிங்கப்பூரிலிருந்து உட்லண்ட்ஸ் தாண்டிப் போய் வேலை பார்த்ததில் ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்தது. எஞ்சினை வாங்கியது தவறில்லை, முதலில் வாங்கியதுதான் தவறு. எஞ்சின் கையில் வந்துவிட்டால் அப்புறம் வண்டி முழுவதையும் அதற்கு ஏற்றபடி வெட்டி ஒட்ட வேண்டியதாகிவிடுகிறது. செருப்பு வாங்கிவிட்டுக் காலைச் செதுக்குகிற கதை. இதே வேலையில் இறங்க நினைக்கும் நம் ஆட்கள் இங்கே நிறைய பேர் என்பதால், எங்கள் கையைச் சுட்ட இடங்களை எழுதி வைக்கிறேன்.

வண்டி சிங்கப்பூர்ப் பதிவு என்றால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் காகித வேலை. எஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும் பதிவில் இருப்பவை. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் முன் அனுமதி இல்லாமல் எஞ்சினை மாற்ற முடியாது. "மாட்டிவிட்டு அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அவர் உங்கள் பணத்தில் வீரம் காட்டுகிறார். எந்த எஞ்சின், எந்த மாசு வரம்பு, எத்தனை சிசி என்பதை எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். காருக்குச் சாலை வரியே சிசி கணக்கில்தான் வருகிறது. காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் விபத்து நேரும் நாளில் உங்கள் பாலிசி வெறும் தாள்.

வாகன உரிமைச் சான்றிதழில் எத்தனை வருடம் பாக்கி என்றும் பாருங்கள். மூன்று வருடம் மிச்சமிருக்கும் வண்டியில் பெரிய தொகையைக் கொட்டுவதற்கு முன் ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போடலாம். பத்து வயது தாண்டிய கார் வருடா வருடம் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதையும் அந்தக் கணக்கில் சேருங்கள். மலேசியப் பதிவு வண்டிக்கும் இதே கதைதான். அங்கத்திய சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதலும் வாகனப் பரிசோதனையும் இல்லாமல் கிராண்டில், அதாவது பதிவு ஆவணத்தில், எஞ்சின் எண் மாறாது. "அந்தப் பக்கம் எல்லாம் நடக்கும்ணே" என்ற பேச்சை நம்பி இறங்காதீர்கள்.

அளவெடுக்காமல் வெல்டிங் தொடங்குவது

சீரீஸ் லேண்ட் ரோவர், பழைய லேண்ட் குரூசர் போன்ற வண்டிகளுக்கு முன்னால் நேர் ஆக்ஸில், இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே விறைப்பான தண்டு. சக்கரம் மேட்டில் ஏறும்போது அந்த ஆக்ஸில் முழுவதும் மேலே வரும். வண்டி தரையில் சும்மா நிற்கும்போது ஆயில் சம்ப்புக்கும் (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) ஆக்ஸிலுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தால் போதும் என்று நாங்கள் நினைத்தோம். ஜாக் வைத்து ஸ்பிரிங்கை முழுதாக அழுத்திப் பார்த்தபோது ஆக்ஸிலில் பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை சம்ப்பின் வயிற்றில் போய் இடித்தது. சம்ப்பின் ஆழமான பகுதி முன்னால் இருக்கும் எஞ்சினா, பின்னால் இருக்கும் எஞ்சினா என்பது வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி. சரி, இடிக்கிறதே என்று எஞ்சினை உயர்த்தினால் பானெட் மூடாது. பின்னால் தள்ளினால் எஞ்சினுக்கும் ஓட்டுநர் இருக்கைக்கும் நடுவிலுள்ள தடுப்பை, ஃபயர்வாலை, வெட்ட வேண்டும். முன்னால் தள்ளினால் ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் இடம் போய்விடும்.

இதற்கு மலிவான வழி ஒன்று இருக்கிறது, எங்களுக்குத்தான் தாமதமாகத் தோன்றியது. எஞ்சின், கியர்பாக்ஸ், சக்தியை முன் பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றின் வெளி அளவையும் விற்பவரிடமே எடுத்து, அட்டைப் பெட்டியில் அதே உருவத்தை வெட்டி வண்டிக்குள் வைத்துப் பாருங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. ஸ்டீயரிங் பாக்ஸும் டர்போவின் எக்ஸாஸ்ட் குழாயும் ஒரே இடத்துக்குச் சண்டை போடுவது அட்டையிலேயே தெரிந்துவிடும். வலது பக்க ஸ்டீயரிங் வண்டிகளில் இது அடிக்கடி வரும் தகராறு.

எங்களை உண்மையில் நிறுத்தி வைத்தது வேறொன்று. சீரீஸ் வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டிப் பிறந்தது. கியர்பாக்ஸை மாற்றினால் அதுவும் போய்விடும். ஆக, ஆட்டோவோடு வந்த டிரான்ஸ்ஃபர் கேஸைத்தான் பயன்படுத்த வேண்டும். அதில் முன் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்ட் வெளியே வரும் பக்கம் இடது. லேண்ட் ரோவரின் முன் டிஃபரன்ஷியல் இருப்பதோ வலது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்த மத்தியானம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய்த் தேநீர் குடித்தோம்.

இடம் வலம் பொருந்தினாலும் நீளம் இருக்கிறது. எங்கள் வண்டியின் வீல்பேஸ், முன் பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம், 88 அங்குலம்தான். பழைய கியர்பாக்ஸைவிட நீளமான ஆட்டோவை வைத்தால் பின் ஷாஃப்ட் அந்த அளவுக்குக் குட்டையாகும். குட்டை ஷாஃப்ட் என்றால் செங்குத்தான கோணம், கோணம் ஏறினால் அதிர்வு, அப்புறம் கிராஸ் ஜாயிண்ட் அடிக்கடி தேயும். சாதாரண ஷாஃப்டில் இரண்டு முனையிலும் கோணம் சமமாக இருக்க வேண்டும், அதுவும் சில டிகிரிக்குள். மவுண்டிங்கை வெல்ட் செய்த பிறகு இதை அளந்து பயனில்லை.

வெல்டிங் என்றதும் சேஸி. பழைய லேண்ட் ரோவர் சேஸி உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயிண்ட் பளபளக்கும். சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள், ஓசை மாறும் இடத்தில் நில்லுங்கள். நம் மழைக்கும் ஈரத்துக்கும் இது விதிவிலக்கே இல்லாத நோய்.

டார்க் எங்கே போய் முடியும்?

"350 நியூட்டன் மீட்டர் ண்ணே!" என்று பெருமையாகச் சொல்லும்போது அந்த டார்க், அதாவது சுழற்றும் விசை, சும்மா எஞ்சினிலேயே நிற்காது என்பது மறந்துவிடுகிறது. சீரீஸ் 3இன் பழைய 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொடுப்பது சுமார் 165. ஒன்றாம் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச், டிஃபரன்ஷியல் மூன்றும் சேர்ந்து அந்த வண்டியில் ஏறக்குறைய 40 மடங்கு பெருக்கும். அதாவது பழைய எஞ்சினில் 6,600. அதே பல்சக்கரங்களோடு புது எஞ்சின் என்றால் 14,000. ஆட்டோவின் டார்க் கன்வர்ட்டர் வண்டி கிளம்பும் நேரத்தில் இன்னும் கொஞ்சம் பெருக்கும். மண்ணில் டயர் வழுக்கினால் ஷாஃப்ட் தப்பிக்கும். வேரிலோ பாறையிலோ சக்கரம் சிக்கிய நிலையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பலவீனமான இடத்தில் உடையும். சீரீஸ் வண்டியின் பின் ஆக்ஸில் ஷாஃப்ட் பழைய எஞ்சினுக்கே உடைவதில் பேர் பெற்றது. ஆகவே எஞ்சின் பட்ஜெட்டில் பலமான ஆக்ஸில் ஷாஃப்டுக்கும் பணம் ஒதுக்குங்கள். ஒதுக்க முடியாதா? சின்ன எஞ்சின் வாங்குங்கள்.

கியர் விகிதம் இதைவிட அதிகம் பேர் தவறவிடுவது. 7.50-16 டயரின் சுற்றளவு சுமார் 2.5 மீட்டர். மலேசிய நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் போனால் சக்கரம் நிமிடத்துக்கு 733 சுற்று. டிஃபரன்ஷியல் 4.7, பழைய டிரான்ஸ்ஃபர் கேஸின் ஹை ரேஞ்ச் சுமார் 1.15. பெருக்கிப் பாருங்கள், நாலாவது கியரில் எஞ்சின் நாலாயிரம் ஆர்பிஎம்மை ஒட்டிக் கத்திக்கொண்டிருக்கும். 1கேடியின் உச்ச சக்தியே 3,400இல் வந்துவிடுகிறது. யோங் பெங் போய்ச் சேர்வதற்குள் காது அடைத்துவிடும். புது ஆட்டோவின் கடைசி கியர் சுமார் 0.7, ஹை ரேஞ்ச் ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் அதே வேகத்தில் 2,400தான். எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கியர்பாக்ஸை வைத்துக்கொண்டால் பணம் மிச்சம் என்பவர்கள் இந்தக் கணக்கை ஒருதடவை போட்டுப் பார்க்கட்டும். மறுபக்கம், டிஃபரன்ஷியலை 3.54க்கு மாற்றினாலும் பாதி நோய் தீரும்.

வெட்டின வயரும் அழுக்கு டேங்கும்

ஹாஃப்கட் வாங்கும்போது எஞ்சினைச் சுழற்றிப் பார்ப்போம், ஆயிலை முகர்ந்து பார்ப்போம். வயரிங்கை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் எஞ்சினில் வயர் கட்டு ஃபயர்வால் ஓரமாகப் பிளேடு போட்டு வெட்டியிருந்தது. எஞ்சினின் கணினியான ஈசியூ இருந்தது, சாவி இல்லை. இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு உள்ள எஞ்சின் தன் சாவியை அடையாளம் காணாவிட்டால் ஸ்டார்ட் ஆகாது, ஸ்டார்ட் ஆனாலும் உடனே நின்றுவிடும். எலக்ட்ரானிக் ஆக்ஸிலரேட்டர் பெடல், சாவி, முழு வயர் கட்டு, ஆட்டோவின் கட்டுப்பாட்டுப் பெட்டி, கியர் லீவர், முடிந்தால் மீட்டர் போர்டு, எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். தனித்தனியாகத் தேடினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சனிக்கிழமை போகும். பழைய வண்டியின் ஸ்பீடோமீட்டர் கேபிளில் ஓடுவது, புது ஆட்டோவுக்கோ வேகம் மின் சிக்னலாக வேண்டும். பழைய டீசல் லேண்ட் குரூசர் வைத்திருப்பவர்கள் வண்டி 24 வோல்ட்டா என்று முதலில் பாருங்கள், சில மாடல்கள் அப்படித்தான் வந்தன. புது ஈசியூவுக்கு 12.

அப்புறம் அந்த ஈசியூவை எங்கே வைக்கிறீர்கள்? லேண்ட் ரோவரில் மழைநீர் நுழையாத மூலை என்று ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

எரிபொருள் பக்கம் இன்னும் மோசம். கார்புரேட்டருக்கு மெல்லிய அழுத்தம் போதும், டேங்கில் கொஞ்சம் துரு இருந்தாலும் சமாளிக்கும். 1கேடி போன்ற காமன் ரெயில் டீசலில் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல் போகும். துருத்தூள் கண்ணுக்குத் தெரியாத அளவு போனாலும் இன்ஜெக்டர் அவுட். டேங்கைச் சுத்தம் செய்வதா, புதிதாகச் செய்வதா என்று யோசித்தால் புதிதாகவே செய்துவிடுங்கள். திரும்பி வரும் டீசலுக்குத் தனிக் குழாய் வேண்டும். நுண் ஃபில்டரும் தண்ணீரைப் பிரிக்கும் கிண்ணமும் கட்டாயம்.

குளிர்ச்சி பற்றி ஊரில் எல்லோரும் பேசுவார்கள், ஆனால் எல்லோரும் ஓடும் வண்டியைப் பற்றியே பேசுவார்கள். 70 குதிரைத்திறனுக்குச் செய்த ரேடியேட்டர் 170க்குப் போதாது என்பது தெரிந்ததே. நம் சோதனை வேறு: வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர்-ஜொகூர் காஸ்வேயில் இரண்டு மணி நேரம் அங்குலம் அங்குலமாக நகர்வது, ஏர்கான் ஓட, வெளியே 32 டிகிரி. அங்கே காற்று தானாக வராது, ஃபேன்தான் இழுக்க வேண்டும். ஃபேனைச் சுற்றி உறை இல்லாவிட்டால் அது எஞ்சின் பக்கத்துச் சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும். ஆட்டோவுக்குத் தனி ஆயில் கூலர் வையுங்கள். ஆட்டோ கியர்பாக்ஸைக் கொல்வது பெரும்பாலும் சூடு.

பிரேக் பற்றி இரண்டே வரி. பெட்ரோல் எஞ்சின் பிரேக் பூஸ்டருக்கு இயல்பாகவே வெற்றிடம் கொடுக்கும், டீசல் கொடுக்காது, அதற்கு வேக்குவம் பம்ப் வேண்டும். டிரம் பிரேக்கோடு இரண்டு மடங்கு எஞ்சினை யாராவது ஓட்டச் சொன்னால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் 1கேடி இப்போது விற்பனைக்கு இருக்கிறது. அதற்குப் பதில் லேண்ட் ரோவரின் சொந்த 2.5 லிட்டர் 200டிடிஐ டீசல் ஒன்றைத் தேடுகிறோம். மெக்கானிக்கல் பம்ப், எஞ்சின் ஓடுவதற்கு ஏறக்குறைய ஒரே ஒரு வயர் போதும், பழைய கியர்பாக்ஸோடும் பெரிய வம்பில்லாமல் சேரும். ஆட்டோ ஆசை போய்விட்டது, நெடுஞ்சாலைக்கு 3.54 டிஃபரன்ஷியல் பார்க்க வேண்டும். போன வாரம் குளுவாங்கில் ஒரு எஞ்சின் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். நண்பர் பர்ஸை எடுத்து வரவில்லை. அளவு நாடாவும் இரண்டு அட்டைப் பெட்டியும் எடுத்து வந்திருந்தார்.